மூலமொழி இல்லாத படங்கள்: ஹிமான்ஷு ராயின் நடிப்பும் தயாரிப்பும்

இந்தியத் திரைப்பட வரலாற்றை எழுதியோர் ஹிமான்ஷு ராயை (1892–1940) இருவேறு மனிதர்களாகவே காட்டி வந்துள்ளனர். ஒருவர், 1925 முதல் 1929 வரை ஜெர்மானியரின் கூட்டுறவில் உருவான மூன்று மௌனப்படங்களில் நடித்த நடிகர். மற்றவர், 1934இல் பம்பாயை அடுத்த மாலாடில் பம்பாய் டாக்கீஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த தயாரிப்பாளர். முதலாமவரைப் பற்றி எழுதுவோர் அப்படங்களின் அரண்மனைகளையும் யானைகளையும் வியப்பர். இரண்டாமவரைப் பற்றி எழுதுவோர் அந்நிறுவனத்தின் நிர்வாக ஒழுங்கையும் அது உருவாக்கிய நடிகர்களையும் போற்றுவர். நடிகர் எதற்காக நடிப்பை விட்டார் என்ற வினா இவ்விரு போற்றுதல்களுக்கும் இடையே நழுவிவிடுகிறது. முதுமையோ விருப்பமாற்றமோ இதற்குப் போதிய விடையாகாது. நடிப்பைக் கைவிட்டபோது அவருக்கு வயது நாற்பதை ஒட்டியே இருந்தது. விடை மொழியில் இருக்கிறது என்பதும், அவ்விடை மொழிபெயர்ப்பாளர்களாகிய நம்மை நேரே தொடுவது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

கட்டக்கில் வங்காளிக் குடும்பத்தில் பிறந்து, சாந்திநிகேதனிலும் கல்கத்தாவிலும் பயின்று, சட்டம் படிக்க லண்டன் சென்றவர் ராய். அங்கு அவரை ஈர்த்தது நாடகமேடை. விபின் சந்திர பாலின் மகனும் நாடகாசிரியருமான நிரஞ்சன் பால் அங்கேதான் அவருக்கு நண்பரானார். பால் ஆங்கிலத்தில் எழுதினார். ராய் ஆங்கில மேடையில் நடித்தார். இந்தியப் பொருளை ஆங்கிலத்தில் எண்ணி ஆங்கிலேயர்க்கு உரைத்தல் என்ற பழக்கம் இவ்விருவருக்கும் திரைத்தொழிலுக்கு முன்பே கைவந்திருந்தது. பின்னாளில் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இச்செய்தி அடிப்படையானது.

மூன்று பெயர்கள் உடைய படம்

1925இல் மியூனிக் நகரின் எமெல்கா நிறுவனத்தாரோடு சேர்ந்து, பிரான்ஸ் ஆஸ்டன் இயக்க, இந்திய மண்ணிலேயே படமாக்கப்பெற்ற முதற்படத்திற்கு மூன்று பெயர்கள். ஆங்கிலத்தில் எட்வின் ஆர்னால்டின் 1879ஆம் ஆண்டுக் காவியத்தின் பெயரே படத்தின் பெயர். ஜெர்மானியப் பெயர் அதன் நேர் பெயர்ப்பு. இந்தியப் பெயரோ 'பிரேம் சன்யாஸ்'. முதல் இரண்டும் ஆசியாவைத் தொலைவிலிருந்து காண்போரின் பெயர்கள். ஆசியாவில் இருப்பவன் தன்னை ஆசியன் என்று அந்நாளில் எளிதில் அழைத்துக்கொள்வதில்லை. மூன்றாவது பெயரில் ஆசியாவும் இல்லை, ஒளியும் இல்லை. காதலும் துறவும் ஒன்றையொன்று மறுத்து நிற்கும் ஒரு தொகைச்சொல் மட்டும் இருக்கிறது. காதலைத் துறத்தல் என்றும், காதலே துறவாதல் என்றும் அதனை விரிக்கலாம்.

இதனை மொழிபெயர்ப்பு என்று கூற இயலாது. ஒரே பொருளுக்கு இருவேறு வாயில்கள் வைக்கப்பட்டுள்ளன என்றே கூறவேண்டும். ஒப்புநோக்குக்குத் தமிழிலேயே நல்ல சான்று உண்டு. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அதே ஆர்னால்டின் நூலைத் தழுவி 1941இல் 'ஆசிய ஜோதி'யை வெளியிட்டார். கவிமணி எவ்வளவு உரிமையோடு தமிழாக்கினாரெனினும், தருமொழி நூலின் பெயரைக் கைவிடவில்லை. தம் நூல் ஒன்றன் வழிநூல் என்பதைத் தலைப்பிலேயே ஒப்புக்கொண்டார். ராயின் படமோ, இந்திய மக்களின் முன் அவ்வாறு ஒப்புக்கொள்ள மறுத்தது. உள்ளேயும் அதே நிலைதான். ஆர்னால்டிடம் கௌதமரின் மனைவி யசோதரை; படத்தில் அவள் பெயர் கோபா. லலிதவிஸ்தரம் வழங்கும் பெயர் இது. ஆங்கிலக் காவியத்தைப் படமாக்குகிறோம் என்று ஐரோப்பாவுக்குச் சொல்லிக்கொண்டே, வேறொரு மரபின் பெயரைத் தலைவிக்குச் சூட்டியிருக்கின்றனர்.

அப்படத்தின் தொடக்கம் இன்னும் நுட்பமாக நோக்கத்தக்கது. இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்த ஐரோப்பியப் பயணிகள் புத்தகயையை அடைகின்றனர். அங்கே முதியவர் ஒருவர் அவர்களுக்குக் கௌதமரின் கதையை எடுத்துரைக்கிறார். அவ்வுரையே படமாக விரிகிறது. கதைக்குள் ஒரு மொழிபெயர்ப்பாளன் அமர்த்தப்பட்டுள்ளான் என்று இதனைக் கொள்ளலாம். அம்முதியவர் எம்மொழியில் பேசினார், பயணிகள் எம்மொழியில் கேட்டனர் என்ற வினா எழவே இல்லை. மௌனப்படம் அளித்த பெரும் சலுகை அது.

அச்சலுகையின் பயனை முழுதும் துய்த்தவர் நடிகராகிய ராய். அவர் கௌதமராகத் தோன்றும் காட்சிகளில் அசைவு மிகக் குறைவு. அந்நாளைய இந்திய மேடைநடிப்போடு ஒப்பிட்டால் அதனை விறைப்பு என்று குறைகூறவும் இடமுண்டு. சில இடங்களில் அது விறைப்பேதான். ஆயினும் மியூனிக்கில் இருப்பவனும் கல்கத்தாவில் இருப்பவனும் ஒருசேரப் பொருள்கொள்ளத்தக்க உடல்மொழியை அவர் தேடிக்கொண்டிருந்தார் என்று நோக்கின் அவ்விறைப்புக்குக் காரணம் புலப்படும். மிகுந்த கையசைவு ஒரு நாட்டாரின் வழக்கைச் சார்ந்தது. அதனைக் குறைத்துவிட்டால் பெயர்ப்பது எளிது. 1928இல் வந்த 'ஷிராஸ்' படத்தில் இத்தேடல் கனிந்திருப்பதைக் காண்கிறோம். தான் நேசித்தவள் பேரரசியாகி மறைந்தபின், அவளது கல்லறைக்கு வடிவம் சமைப்பவன் அப்படத்தின் நாயகன். பார்வையிழந்த பின்னும் தன் கையாலேயே அம்மாதிரியை வடிக்கிறான். சொல்லும் இல்லாமல், விழியும் இல்லாமல், விரல்களைக் கொண்டே நடிக்க வேண்டிய இடத்தில் ராய் தம் பிற நடிப்பு அனைத்தையும் விஞ்சிவிடுகிறார்.

பாசமும் பாய்ச்சிகையும்

1929இல் வெளிவந்த மூன்றாம் படம் மகாபாரதச் சூதின் சாயலைக் கொண்டது. ரஞ்சித், சோஹத் என்னும் இரு மன்னர் சுனிதா என்னும் பெண்ணை விழைகின்றனர். வஞ்சகக் காய்களால் சோஹத் மற்றவனை அடிமையாக்குகிறான். சாரு ராய் நல்லவனாகவும் ஹிமான்ஷு ராய் வஞ்சகனாகவும் நடித்தனர். கௌதமராக நடித்தவர் நான்கே ஆண்டுகளில் கள்ளச் சூதாடியாக நடித்தது, அவரது நடிப்புத் துணிவுக்குச் சான்று. ஆனால் இங்கு நாம் நிற்கவேண்டியது தலைப்பில்.

ஆங்கிலப் பெயர் ஒருமுறை காயுருட்டுதலைக் குறிப்பது. ஜெர்மானியப் பெயர் விதியின் சூதுக்காய்களை. இந்தியப் பெயர் 'பிரபஞ்ச பாஷ்'. வடமொழியில் பாச என்பது கயிறு, கண்ணி. சூதுக்காய்க்கும் அச்சொல்லும் அதன் கிளையாகிய பாசக என்பதும் வழங்கும். வங்காளத்தில் பாஷா, இந்தியில் பாஸா என்றாலே சூதுக்காய்தான். பிரபஞ்சம் என்பதற்கு உலகம் என்ற பொருளோடு வஞ்சனை, சூழ்ச்சி என்ற பொருளும் அம்மொழிகளில் உயிரோடு உள்ளது. ஆகவே வடநாட்டார் செவியில் இத்தலைப்பு உலகக் கண்ணி, வஞ்சக வலை, கள்ளச் சூதுக்காய் என்று மூன்று பொருளையும் ஒருங்கே எழுப்பவல்லது. ஐரோப்பியப் பெயர்கள் இரண்டும் இதன் அருகில் வெறும் பொருட்பெயர்களாக நிற்கின்றன.

இதே தலைப்பைத் தமிழில் எழுதிப் பார்ப்போம். 'பிரபஞ்ச பாசம்' என்றவுடன் நம் செவியில் விழுவது உலகப்பற்று. பதி, பசு, பாசம் என்ற சைவ சித்தாந்த வரிசை நம் மனத்தில் எழும். பேச்சுவழக்கிலோ பாசம் தாயன்பாகிவிட்டது. கயிறு என்ற பொருள் எமனின் பாசக்கயிற்றோடு நின்றுவிட்டது. பாசக என்பதிலிருந்து வந்த பாய்ச்சிகை அகராதியில் உறங்குகிறது. கவறு என்ற பழஞ்சொல்லோ பாசத்தோடு ஒலியுறவு இல்லாதது. ஒரே தற்சமச் சொல் இரு மொழிகளிலும் இருப்பதே பெயர்ப்புக்குத் துணை என்று நம்புவோர் இத்தலைப்பை ஒருமுறை தமிழாக்க முயன்று பார்க்கலாம்.

இன்று உலகம் காணும் பிரதிகள், பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் மீட்டெடுத்து முறையே 2006, 2017ஆம் ஆண்டுகளையொட்டிப் புதிய இசையோடு வெளியிட்ட 'பிரபஞ்ச பாஷ்', 'ஷிராஸ்' ஆகியவற்றின் பிரதிகள். அவற்றில் காட்சிகளுக்கிடையே வரும் எழுத்தட்டைகள் ஆங்கிலத்தில் உள்ளன. அதனால் இப்படங்களுக்கு ஆங்கிலமே மூலம் என்ற எண்ணம் ஆய்வாளரிடையேயும் வேரூன்றிவிட்டது. மௌனப்பட நாளில் எழுத்தட்டைகள் திரையிடும் ஊருக்கேற்ப மாறக்கூடியவை. ஒரே அட்டையில் மூன்று நான்கு மொழிகள் அடுக்கப்பட்டிருந்த படங்களும் உண்டு. எழுதப் படிக்க அறியாதவர்க்கு உரக்கப் படித்துச் சொல்லவும் ஆள் இருந்தனர். எழுத்தட்டைகளை எல்லாம் கழற்றிவிட்டாலும் ராயின் விரல்கள் எஞ்சும். மூலம் என ஒன்றைச் சுட்டவேண்டுமெனில் அவற்றையே சுட்டவேண்டும்.

வாய் திறந்தபோது

1931 மார்ச்சில் 'ஆலம் ஆரா' இந்துஸ்தானியில் பேசியது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த 'காளிதாஸ்' தமிழும் தெலுங்கும் கலந்து பேசியது. கேட்கவந்தோர் அக்கலப்பைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் அப்பொறுமை நீடிக்காது என்பதை நடிகர்கள் விரைவில் உணர்ந்தனர். மௌனப்படங்களின் பெருந்தாரகையான சுலோசனா (ரூபி மையர்ஸ்) இந்துஸ்தானி கற்கவேண்டி நடிப்பை நிறுத்திவைத்து, 1932இல் 'மாதுரி' வழியாக மீண்டும் வந்தார். ராயின் மூன்று படங்களிலும் நடித்த சீதா தேவியும் (இயற்பெயர் ரெனீ ஸ்மித்) ஆங்கிலோ-இந்தியப் பெண்ணே. அவர் கோபாவாக நடித்தபோது எவரும் அவரிடம் உச்சரிப்பைக் கேட்கவில்லை.

ராய்க்கும் அதே சோதனை வந்தது. தாய்மொழி வங்காளம், தொழில்மொழி ஆங்கிலம். 1933 மே மாதம் லண்டனில் வெளியான 'கர்மா' அவரும் தேவிகா ராணியும் ஆங்கிலத்தில் பேசி நடித்த படம். இந்தி வடிவம் 'நாகின் கி ராகினி' என்ற பெயரில் அடுத்த ஆண்டு இந்தியாவுக்கு வந்து தோற்றது. லண்டன் இதழ்கள் தேவிகா ராணியின் ஆங்கிலத்தைப் புகழ்ந்தன. அப்புகழுரையிலேயே இந்தியத் தோல்வியின் காரணமும் அடங்கியிருக்கிறது எனலாம். முன்னைய மூன்று படங்களில் ஒவ்வொரு நாட்டாரும் தத்தம் மொழியை நடிகரின் வாயில் வைத்துக் கேட்டுக்கொண்டனர். 'கர்மா'வில் அந்த இடம் நிரப்பப்பட்டுவிட்டது. தலைப்புகள் கூட ஒன்றையொன்று அறியாதவை போல் நிற்கின்றன: ஆங்கிலக்காரர்க்கு ஒரு தத்துவச்சொல், இந்தியர்க்குப் பாம்பின் இசை. கர்மம் இந்தியர்க்குப் புதுமையன்று, விற்பனைக்கு உதவாது.

அதன்பின் ராய் திரையில் தோன்றவில்லை. இந்தியாவுக்குத் திரும்பி நிறுவனம் கண்டார். ஆயினும் அவர் தம் பழைய முறையைக் கைவிட்டார் என்று கருதுவது தவறு. முன்பு ஒரு நடிகரின் உடலில் நிகழ்ந்த பெயர்ப்பு வேலையை, இப்போது ஒரு நிறுவனத்தின் துறைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்.

மாலாடில் கூடியவர்களை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். இயக்குநர் ஆஸ்டன் இந்தி அறியாதவர். ஒளிப்பதிவாளர் யோசப் விர்ஷிங், அரங்க அமைப்பாளர் கார்ல் வான் ஸ்ப்ரெட்டி ஆகியோரும் ஜெர்மானியர். கதாசிரியர் பால், வங்காளி, ஆங்கிலத்தில் எழுதுபவர். இசையமைத்தவர் சரஸ்வதி தேவி என்ற புனைபெயர் கொண்ட பார்சிப் பெண்மணி. பார்சிப் பெண் திரைக்கு வருவதா என்று அச்சமூகத்தில் எழுந்த கூச்சல் தனிக்கதை. நாயகி வால்டேரில் பிறந்து இங்கிலாந்தில் படித்தவர். ஆய்வகத்திலிருந்து நாயகனாக்கப்பட்ட அசோக் குமார் வங்காளியாயினும், இந்தி வழங்கும் காண்ட்வாவில் வளர்ந்தவர். இத்தனை பேருக்கும் நடுவே இந்தி உரையாடலும் பாட்டும் எழுதும் பணி ஜே. எஸ். காஷ்யப்பிடம் இருந்தது. கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தார் 1935இல் 'தேவதாஸ்' படத்தை வங்காளத்தில் ஒன்றும் இந்தியில் ஒன்றுமாக எடுத்தனர். அங்கே எது மூத்தது, எது இளையது என்று காட்டலாம். பம்பாய் டாக்கீஸ் இந்தியில் மட்டுமே எடுத்தது. அதன் அடியில் ஆங்கிலம் இருந்தது. திரையில் அது தெரியவில்லை.

காஷ்யப் செய்த தேர்வு

1936இல் வந்த 'அச்சூத் கன்யா' இதற்குச் சிறந்த சான்று. பாலின் ஆங்கிலக் கதையின் பெயர், ரயில்பாதையைச் சாலை கடக்கும் இடத்தைக் குறிப்பது. நம் வழக்கில் சொன்னால் 'ரயில்வே கேட்'. இந்தித் தலைப்பு இடத்தை நீக்கிச் சாதியை முன்வைத்தது. 'ஹரிஜன்' என்ற சொல்லைக் காந்தியடிகள் பரப்பி, 1933 முதல் அப்பெயரில் வார இதழே நடத்திக்கொண்டிருந்த காலம் அது. படத்தார் அந்த மென்சொல்லைக் கொள்ளாமல், தெருவில் வழங்கிய கடுஞ்சொல்லைக் கொண்டு, அதனோடு 'கன்யா' என்ற தூய தற்சமத்தை ஒட்டினர். தீண்டத்தகாதவள் என்று ஊர் ஒதுக்கியவளைக் கோயில் மொழியால் விளிக்கும் தொகைச்சொல் அது. 'தீண்டத்தகாத பெண்' என்று தமிழில் பெயர்த்தால் அம்மோதல் போய்விடுகிறது.

கேட் காவலன் துக்கியா தீண்டத்தகாதவன். கடைக்காரர் மோகன் பிராமணர். பாம்பு கடித்த மோகனின் நஞ்சைத் துக்கியா வாயால் உறிஞ்சிக் காப்பாற்றுகிறான், நட்பு வளர்கிறது, மக்கள் பிரதாப்பும் கஸ்தூரியும் நேசித்தும் மணக்க இயலாமல் வேறிடங்களில் மணமாகி, முடிவில் கஸ்தூரி வரும் ரயிலை நிறுத்த ஓடி மடிகிறாள். கதைச்சட்டகத்தைக் கவனியுங்கள். காரில் வரும் தம்பதியர் கேட்டருகே நிறுத்தப்பட, அங்குள்ள நினைவிடத்தின் கதை அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. பதினோராண்டுகளுக்கு முன் புத்தகயையில் அமர்ந்திருந்த அதே முதியவர்! கேட்போர்தாம் மாறிவிட்டனர். அன்று ஐரோப்பியப் பயணி. இன்று கார் வைத்திருக்கும் இந்திய நகரவாசி. நகரவாசிக்குக் கிராமம் மொழிபெயர்த்துக் கொடுக்கப்பட வேண்டிய அயல்நாடு என்ற எண்ணம் இதில் உறைந்துள்ளது. இப்படத்தின் சீர்திருத்த நோக்கத்தை மெச்சுவோர் இதனையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

இனி, மொழியியலார் கருதவேண்டிய நுண்பொருள் ஒன்று. ஆங்கிலத்தில் முன்னிலை ஒன்றே. இந்தியில் தூ, தும், ஆப் என மூன்று. பிராமணர் தம் உயிரைக் காத்த தீண்டத்தகாதவனை எவ்வாறு விளிப்பார்? அவன் மறுமொழியில் அவரை எவ்வாறு விளிப்பான்? ஊரார் கூடி மிரட்டும்போது எது மாறும், எது மாறாது? பிரதாப்பின் வாயில் கஸ்தூரி எந்த இடத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்வாள்? ஆங்கிலத்தில் அமைந்த கதை இவ்வினாக்களில் ஒன்றைக்கூடச் சந்திக்க வேண்டியதில்லை. சாதிப்படத்தில் சாதி வாழ்வது இவ்விடங்களில். அவற்றையெல்லாம் வரிக்கு வரி முடிவு செய்தவர் உரையாடல் எழுதிய காஷ்யப். மொழி அறியாத இயக்குநர் குரலின் ஏற்ற இறக்கத்தைத் திருத்தியிருக்கலாம். தூவுக்கும் தும்முக்கும் இடையிலுள்ள தொலைவை அவர் அளந்திருக்க முடியாது. ஆயினும் வரலாற்று நூல்களில் இப்படத்தின் சமூகப் பார்வை ராய், பால், ஆஸ்டன் மூவரின் பெயரிலேயே வரவு வைக்கப்பட்டு வருகிறது. பெயர்ப்பாளர் பெயரை நூலின் உள்ளட்டையில் பொடியெழுத்தில் அச்சிடும் வழக்கத்திற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை.

ராய்க்கு இதில் பங்கில்லை என்பது என் கருத்தன்று. நாடகத்தனம் குறைந்த, செறிந்த வடமொழியோ பாரசீகமோ இல்லாத, பலரும் எளிதில் பின்தொடரத்தக்க இந்துஸ்தானி அவரது நிறுவனத்தின் முத்திரையாயிற்று. அம்மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர் பலர் ஒன்றுகூடி வேலைசெய்ததன் விளைவு அது. எல்லார்க்கும் புரியவேண்டும் என்ற கவலையை அவர் தம் மௌனப்பட நடிப்பிலிருந்து கொண்டுவந்தார். அதன் இழப்பும் அதே இடத்தில்தான்: அவர் படங்களின் கிராமத்தான் எந்த வட்டாரத்தான் என்று பேச்சைக் கொண்டு இனங்காண்பது அரிது. பார்ப்பவர் எந்நாட்டவராயினும் பொருள்கொள்ளவேண்டும் என்று கையசைவைக் குறைத்துக்கொண்ட கௌதமரின் விறைப்பு, பத்தாண்டுகளுக்குப் பின் உரையாடலில் மீண்டும் தோன்றுகிறது.

1939இல் போர் மூண்டதும் ஆஸ்டனும் விர்ஷிங்கும் ஆங்கில அரசால் காவலில் வைக்கப்பட்டனர். 1940 மே மாதம் ராய் மறைந்தார். தேவிகா ராணி 1945 வரை நிறுவனத்தோடிருந்தார். 1943இல் ஞான் முகர்ஜி இயக்கிய 'கிஸ்மத்' பெருவெற்றி ஈட்டியது.

ராயின் குடும்பத்தார் பாதுகாத்த பம்பாய் டாக்கீஸ் சேகரிப்பு 2017இல் மெல்பர்ன் நகரில் காட்சிக்கு வைக்கப்பெற்றது. திரைக்கதைகளும் கடிதங்களும் அதில் அடங்கும். ஆங்கில வரைவையும் இந்தி உரையாடலையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிடும் ஆய்வு இனித்தான் நிகழவேண்டும். அதற்கு முன்பே 'அச்சூத் கன்யா'வுக்குத் தமிழில் துணையுரை எழுத யாரேனும் முற்பட்டால், ஆங்கிலத் துணையுரையை மூலமாகக் கொள்ளாதிருப்பார்களாக. காஷ்யப் ஒருமுறை நிரப்பிய இடங்களை அத்துணையுரை மீண்டும் ஒற்றை முன்னிலையாக்கிவிடும். நீ, நீர், நீங்கள் என்பவற்றுள் எதனைத் துக்கியாவின் வாயில் வைப்பது என்பதை அதிலிருந்து அறிய வழியில்லை. இந்தி ஒலித்தடத்தைச் செவியால் கேட்டே முடிவு செய்தாக வேண்டும்.